காலைக் காக்கும் அறுவையும் மயக்க மருந்தின் சிக்கல்களும்

ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் வருகிறது. எலும்பு மிக வேகமாக நீளும் இடம் முழங்காலைச் சுற்றியுள்ள பகுதி என்பதால், தொடை எலும்பின் கீழ்முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையுமே அது அதிகம் தாக்குகிறது. 1970களின் தொடக்கம் வரை இந்நோய்க்கு மருத்துவர்கள் சொன்ன வழி ஒன்றுதான்: காலை எடுத்துவிடுவது. எடுத்த பின்னரும் பெரும்பாலானோர் நுரையீரலில் நோய் பரவி ஓரிரு ஆண்டுகளில் இறந்தார்கள். இன்று தேர்ந்த மையங்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கால் காக்கப்படுகிறது. நோயுற்ற எலும்புப் பகுதியும் அதை ஒட்டிய நல்ல தசையின் ஓர் உறையும் ஒரே துண்டாக வெட்டி எடுக்கப்படுகின்றன. அந்த இடைவெளியில் மெகா புரோஸ்தெசிஸ் எனப்படும் பெரிய உலோக மூட்டோ வேறோர் எலும்போ பொருத்தப்படுகிறது.

இந்த முன்னேற்றத்தின் கதை வழக்கமாக அறுவை மருத்துவரின் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது. கட்டி அரித்த தொடை எலும்பின் மேல்பகுதியை நீக்கி, வைட்டாலியம் என்னும் உலோகக் கலவையால் ஆன மாற்றை ஆஸ்டின் மூரும் ஹரால்ட் போல்மனும் 1940-இல் அமெரிக்காவில் பொருத்தினார்கள். அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், கை கால்களின் மென்திசுவில் புற்று வந்த 43 பேரில் ஒரு பிரிவினருக்கு உறுப்பு நீக்கப்பட்டது. மற்றவர்களுக்கு உறுப்பைக் காத்துக் கதிரியக்கம் தரப்பட்டது. உயிர்வாழ்வில் இரு பிரிவினருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சென்னையில் எலும்பியல் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் 1980களின் இறுதியிலிருந்து, உள்நாட்டிலேயே நோயாளியின் அளவுக்கு ஏற்பச் செய்த உலோக மூட்டுகளைப் பொருத்திவந்தார். வெளிநாட்டு மூட்டின் விலையை நினைத்துப் பார்க்கவும் இயலாத குடும்பங்களுக்கு அது வழி திறந்தது.

காலை எடுப்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் காலைக் காப்பதற்கு ஆகும் நேரம் பல மடங்கு. நான்கு முதல் எட்டு மணி நேரம் என்பது சாதாரணம். இடுப்பெலும்பில் கட்டி இருந்தால் அது இன்னும் நீளும். அத்தனை நேரமும் நோயாளியை வலியும் நினைவும் இன்றி, ஆனால் இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் குலையாமல் வைத்திருப்பது மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பு. இந்த அறுவையில் வரும் மயக்க மருந்துச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள, அவை மேசையில் தொடங்கி மேசையில் முடிபவை அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இந்த அறுவை, கீமோதெரபியின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே நிற்கிறது. முதல் பகுதி உடலில் விட்டுச்சென்ற சேதங்களோடு நோயாளி வருகிறார். இரண்டாம் பகுதியைக் குறித்த நாளில் தாங்கக்கூடிய உடலோடு அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். சிக்கல்களின் பெரும்பகுதி இந்த இரண்டு கடமைகளிலிருந்தே பிறக்கிறது.

உலகின் பல நாடுகளில் ஆஸ்டியோசார்கோமாவுக்குத் தரப்படும் மருந்துத் தொகுப்பில் டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் ஆகிய மூன்றும் உள்ளன. அறுவை பெரும்பாலும் சிகிச்சையின் பதினோராவது வாரத்தை ஒட்டி நடக்கிறது. அதற்குள் அந்த நோயாளி, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 150 மி.கி. டாக்ஸோரூபிசின், 240 மி.கி. சிஸ்பிளாட்டின், 12 கிராம் வீதம் நான்கு முறை மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றைப் பெற்றிருப்பார். முடி கொட்டியிருக்கும், எடை குறைந்திருக்கும் என்பன கண்ணுக்குத் தெரிபவை. மயக்கவியல் மருத்துவர் தேடுவது கண்ணுக்குத் தெரியாதவற்றை.

டாக்ஸோரூபிசின் இதயத் தசையைத் தாக்கும் மருந்து. அது மொத்த அளவோடு கூடிக்கொண்டே போகும் நச்சு. பெரியவர்களிடம் நடந்த மூன்று ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான கணக்கின்படி, சதுர மீட்டருக்கு 400 மி.கி. பெற்றவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கும், 550 மி.கி. பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கும், 700 மி.கி. பெற்றவர்களில் 48 சதவீதத்தினருக்கும் இதயச் செயலிழப்பு ஏற்பட்டது. முதல் அறுவையின்போது அளவு 150 மட்டுமே என்பதால் கவலைக்கு இடமில்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் சிறுவயது இதயம் குறைந்த அளவிலும் பாதிக்கப்படலாம், பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். அறுவைக்கு முன் எடுக்கும் எக்கோ பரிசோதனை, ஓய்வில் இருக்கும் இதயம் எப்படிச் சுருங்குகிறது என்பதைக் காட்டுகிறது. இரண்டு லிட்டர் ரத்தம் போன பிறகு அதே இதயத்துக்கு எவ்வளவு கையிருப்பு இருக்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதனால்தான், எக்கோ நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் மயக்கமூட்டும் புரோப்போஃபால் போன்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவதும், ரத்த அழுத்தத்தைத் தமனிக்குள்ளேயே குழாய் வைத்துத் துடிப்புக்குத் துடிப்பு அளப்பதும் இவ்வகைப் பெரிய அறுவைகளில் பொதுவான நடைமுறையாக உள்ளன.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தின் நுண்குழல்களைச் சேதப்படுத்துகிறது. அவ்வாறு சேதமான சிறுநீரகம் மெக்னீசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும். மெக்னீசியம் குறைந்தால் பொட்டாசியத்தையும் எளிதில் சரிசெய்ய முடியாது. இரண்டும் குறைந்த நிலையில் இதயத் துடிப்பின் ஒழுங்கு தடுமாறும். வாந்தியைத் தடுக்கத் தரும் ஆன்டன்செட்ரான் போன்ற மருந்துகளும் இதயத்தின் மின்சுழற்சியில் கியூ.டி. எனப்படும் இடைவெளியை நீட்டக்கூடியவை. கீமோதெரபியில் மாதக்கணக்காக வாந்தி எடுத்துக் களைத்த ஒரு சிறுமிக்கு அறுவைக்குப் பின் வாந்தி வரும் வாய்ப்பு மிக அதிகம், எனவே அந்த மருந்து தேவைப்படும். அது தேவைப்படுவதாலேயே அதற்கு முன் மெக்னீசியத்தின் அளவைப் பார்த்துச் சரிசெய்வதும் தேவைப்படுகிறது. சிஸ்பிளாட்டின் காதையும் பாதிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்குகின்றன. மயக்கம் தெளியும் அறையில், முகக்கவசத்துக்குப் பின்னிருந்து ஒலிக்கும் குரலுக்கு அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால், நினைவு திரும்பவில்லை என்று முடிவுகட்டும் முன் கேட்டதா என்று பார்க்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட், அணுக்கள் பெருகத் தேவையான ஃபோலேட் என்னும் வைட்டமின் செயல்படும் வழியை அடைக்கும் மருந்து. நம் அறுவை அரங்குகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு, வைட்டமின் பி12 சார்ந்த ஒரு நொதியை முடக்கி, அதே வழியை வேறோர் இடத்தில் அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையின் மீதும் வாய், குடல் உட்சவ்வுகளின் மீதும் நச்சு விளைவு கூடும். மாற்று எளிதாகக் கிடைக்கும்போது இந்த வாயுவை இவ்வறுவைகளில் பயன்படுத்த வேண்டிய காரணம் எனக்குத் தெரிந்து ஏதும் இல்லை.

ரத்த அணுக்களின் கதை எல்லாரும் அறிந்தது. மருந்து கொடுத்த பின் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரிந்து, பிறகு மெல்ல ஏறும்; அறுவையின் நாள் அந்த ஏற்றத்தைப் பார்த்தே குறிக்கப்படுகிறது. தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 80,000-க்குக் கீழ் இருக்கும்போது, வலியை மரக்கச் செய்யும் மருந்துக்கான எபிடியூரல் குழாயை முதுகுத்தண்டில் வைக்கப் பலர் தயங்குவார்கள். வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருந்தால் அந்தக் குழாயே கிருமிக்கு வாசலாகும்.

மயக்கம் கொடுத்த உடனே வரக்கூடிய ஒரு சிக்கல் பாடநூல்களில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. கட்டி அரித்த எலும்பு மெலிந்திருக்கும். விழித்திருக்கும்போது நோயாளி தன் தசைகளை இறுக்கி, வலிக்கும் பக்கம் சாயாமல், அந்த எலும்பைத் தானே காத்துக்கொள்கிறார். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் அந்தக் காவலை நீக்கிவிடுகின்றன. அப்போது காலைத் தூக்கி வைக்கும் ஒருவரின் கவனக்குறைவால் எலும்பு முறிந்தால், அது வெறும் முறிவு அன்று. புற்று அணுக்கள் கலந்த ரத்தம் சுற்றியுள்ள தசைக்குள் பரவி, காலைக் காக்கும் திட்டத்தையே கைவிட வைக்கக்கூடும். ஆகவே எலும்புக்கு முட்டுக்கொடுத்தபடி நோயாளியை மேசைக்கு மாற்றுவதும், பக்கவாட்டில் திருப்பும்போது ஒருவர் அந்தக் காலை மட்டுமே கவனித்துக்கொள்வதும் மயக்கவியல் குழுவின் வேலையின் பகுதியாகிறது. பக்கவாட்டில் பல மணி நேரம் கிடத்தும்போது, கீழே அழுந்தும் தோளும், முழங்காலின் வெளிப்புறத்தில் தோலுக்கு அடியில் ஓடும் பெரோனியல் நரம்பும், கண்களும் தனிக் கவனம் கேட்கின்றன.

முழங்காலை ஒட்டிய கட்டிகளுக்குத் தொடையில் டூர்னிக்கெட் என்னும் காற்றுப்பட்டை கட்டி ரத்தவோட்டத்தை நிறுத்தலாம். சாதாரண எலும்பு அறுவையில் ரப்பர் பட்டையால் காலைச் சுற்றி இறுக்கி ரத்தத்தை மேலே பிழிந்துவிட்டுக் காற்றேற்றுவார்கள். கட்டி உள்ள காலில் அப்படிப் பிழிந்தால் புற்று அணுக்களை ரத்தத்தில் தள்ளிவிடுமோ என்ற அச்சத்தால், காலைச் சில நிமிடங்கள் உயர்த்திப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டை இறுகி முக்கால் மணி நேரத்துக்குப் பின், ஆழ்ந்த மயக்கத்திலும் ரத்த அழுத்தம் காரணமின்றி ஏறுவதுபோல் ஏறும். அது பட்டையின் வலிக்கு உடல் தரும் எதிர்வினை. பொதுவாக இரண்டு மணி நேரமே எல்லை. பட்டையைத் தளர்த்தும்போது, தேங்கிக் கிடந்த அமிலமும் பொட்டாசியமும் கரியமில வாயுவும் ஒரே வீச்சில் இதயத்துக்குத் திரும்புகின்றன. ரத்தம் காலுக்குள் பாய, அழுத்தம் விழுகிறது. நல்ல இதயம் இதைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். டாக்ஸோரூபிசின் பெற்ற இதயத்துக்கு அந்தச் சில நிமிடங்களே சோதனை.

இடுப்பெலும்புக் கட்டிகளில் பட்டை கட்ட இடமே இல்லை. அங்கே லிட்டர் கணக்கில் ரத்தம் போவது அரிதன்று. ரத்த வங்கியோடு முன்கூட்டியே பேசி வைப்பது, பெரிய சிரைவழிக் குழாய்களை முன்பே பொருத்துவது, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் தருவது எல்லாம் தெரிந்த ஏற்பாடுகள். சிக்கல் அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. குளிர்சாதனத்திலிருந்து எடுத்த ரத்தத்தை வேகமாக ஏற்றும்போது உடல் குளிர்கிறது. பையில் ரத்தம் உறையாதிருக்கச் சேர்த்த சிட்ரேட், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாள்பட்ட ரத்தப் பைகளில் கசிந்திருக்கும் பொட்டாசியம் இதயத்துக்கு வருகிறது. சிவப்பணுக்களை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் உறைபொருட்களும் தட்டணுக்களும் நீர்த்துப்போய், வெட்டிய இடமெங்கும் ரத்தம் கசியத் தொடங்குகிறது. குளிர்ந்த உடலில் உறைதல் இன்னும் மந்தமாகும், கசிவு கூடும், மேலும் ரத்தம் ஏற்ற நேரும். இந்தச் சுழல் தொடங்கிய பின் நிறுத்துவதைவிடத் தொடங்காமல் தடுப்பதே எளிது என்பதால், இரண்டாவது லிட்டர் போகும் முன்பே பிளாஸ்மாவையும் தட்டணுக்களையும் கால்சியத்தையும் சேர்த்துத் தருகிறார்கள். சிந்திய ரத்தத்தைச் சேகரித்துக் கழுவித் திரும்ப ஏற்றும் கருவி மற்றப் பெரிய அறுவைகளில் கைகொடுக்கும். இங்கே அந்த ரத்தத்தில் புற்று அணுக்கள் கலந்திருக்கக்கூடும் என்ற தயக்கம் இருக்கிறது. வெள்ளணு வடிகட்டிகள் அந்த ஆபத்தைக் குறைத்தாலும், பல மையங்கள் இன்னும் அதைத் தவிர்க்கின்றன.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது ரத்தப்போக்கை மட்டும் கூட்டுவதில்லை. பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரிடம் நடத்தி 1996-இல் வெளியான ஆய்வில், உடல் குளிர விடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும் வெதுவெதுப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும் காயத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டது. எலும்பறுவையின் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு முழம் உலோகத்தை வைத்து மூடும் அறுவையில், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவருக்கு, தொற்றின் விலை பெருங்குடல் அறுவையில் இருப்பதைவிடக் கூடுதல்.

உலோக மூட்டின் நீண்ட தண்டை எலும்பின் உட்குழலில் சிமெண்ட் வைத்துப் பொருத்தும் தருணம், முழு அறுவையிலும் மயக்கவியல் மருத்துவர் மிக விழிப்போடு இருக்கும் தருணம். சிமெண்டையும் தண்டையும் உள்ளே அழுத்தும்போது மஜ்ஜைக் கொழுப்பும் காற்றும் சிறு உறைகட்டிகளும் சிரைகளுக்குள் தள்ளப்பட்டு நுரையீரலின் ரத்தக்குழாய்களை அடைக்கின்றன. இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது. இதன் விளைவுகளை மூன்று படிகளாகப் பிரிப்பது வழக்கம். ஆக்சிஜன் செறிவு 94 சதவீதத்துக்குக் கீழே போவது அல்லது மேல் ரத்த அழுத்தம் 20 சதவீதத்துக்கு மேல் விழுவது முதல் படி. செறிவு 88 சதவீதத்துக்குக் கீழே போவது அல்லது அழுத்தம் 40 சதவீதத்துக்கு மேல் விழுவது இரண்டாம் படி. இதய இயக்கமே நின்று, மார்பை அழுத்தி மீட்க வேண்டிய நிலை மூன்றாம் படி. முழு மயக்கத்தில் இருப்பவரிடம் பெரும்பாலும் முதலில் தெரியும் அறிகுறி, வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சட்டென்று குறைவதுதான். எலும்புக்குழலை நீர்ப்பீய்ச்சியால் நன்றாகக் கழுவுவதும், சிமெண்டைக் கீழிருந்து மேலாக நிரப்புவதும் அறுவை மருத்துவர் செய்யக்கூடியவை. அந்த நேரம் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்வதும் அவர் செய்யக்கூடியதே. அந்த அறிவிப்பு வந்ததும் ஆக்சிஜனை உயர்த்தி, உடலில் திரவம் குறையாமல் பார்த்து, அழுத்தத்தை ஏற்றும் மருந்தை ஊசிக்குழாயில் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள்.

இந்தியாவின் சில மையங்களில் உலோக மூட்டுக்குப் பதிலாக, வெட்டி எடுத்த எலும்பையே கதிரியக்கப் பிரிவுக்குக் கொண்டுபோய், பெரும்பாலும் 50 கிரே அளவில் ஒரே முறை கதிரியக்கம் செலுத்தி, புற்று அணுக்களைக் கொன்று, மீண்டும் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். செலவு குறைவு, எலும்பின் அளவும் சரியாக இருக்கும். அந்த எலும்பு கட்டடம் விட்டுக் கட்டடம் போய் வரும்வரை நோயாளி திறந்த காயத்தோடு மேசையில் மயக்கத்தில் இருக்கிறார். அறுவை நின்றிருக்கும் அந்த இடைவேளையில் ரத்தக் கசிவும் வெப்ப இழப்பும் நிற்பதில்லை.

கிருமிக்கொல்லி மருந்தைத் தருவதும் நடைமுறையில் மயக்கவியல் மருத்துவரின் கையில்தான் இருக்கிறது. செஃபசோலின் போன்ற மருந்து தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், டூர்னிக்கெட் பட்டையில் காற்றேற்றும் முன்பே உடலில் சேர்ந்துவிட வேண்டும். பட்டை இறுகிய பின் தந்தால் அது காலுக்குப் போய்ச் சேராது. நான்கு மணி நேரம் கடந்தாலோ ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலோ மறுபடியும் தர வேண்டும். அறுவைக்குப் பின் எத்தனை நாள் தொடர்வது என்ற பழைய வாதத்துக்கு, 604 நோயாளிகளைக் கொண்டு பல நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான பாரிட்டி ஆய்வு ஒரு விடை தந்தது: ஐந்து நாள் தந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும் ஒரு நாள் தந்தவர்களில் 16.7 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஐந்து நாள் பிரிவில் மருந்தின் பக்கவிளைவுகளே கூடுதலாக இருந்தன.

அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களில் வலியே முதலிடம் பெறுகிறது. நீண்ட வெட்டு, பிரித்தெடுத்த தசைகள், இழுபட்ட நரம்புகள் எல்லாம் சேர்ந்து தரும் வலியை மார்ஃபின் வகை மருந்துகளால் மட்டும் அடக்க முயன்றால், மூச்சு மந்தமாதல், வாந்தி, சிறுநீர் கட்டுதல், மலச்சிக்கல் என்று வேறு துன்பங்கள் வரிசைகட்டும். எனவே எபிடியூரல் குழாயோ, தொடை நரம்புக்கு அருகே வைக்கும் மெல்லிய குழாயோ வழியாக மரப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தருவது விரும்பப்படுகிறது. ஆனால் இங்கே மயக்கவியல் மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் இடையே நியாயமான ஒரு முரண் உண்டு. கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் அறுவை நடந்தால், பாதத்தை மேலே தூக்கவைக்கும் பெரோனியல் நரம்பு காயப்பட்டிருக்கலாம். முழங்காலுக்குப் பின்னுள்ள தமனி நசுங்கியிருக்கலாம். தசையறைக்குள் அழுத்தம் ஏறி, ரத்தவோட்டம் நின்று, தசை சாகத் தொடங்கியிருக்கலாம். இவற்றையெல்லாம் அறிவிப்பவை வலியும் உணர்வும் அசைவும்தான். கால் முழுவதும் மரத்துக் கிடந்தால் அந்த எச்சரிக்கை யாருக்கும் கேட்காது. மரப்பு மருந்தை மிக நீர்த்த அளவில் தருவது, மயக்கம் தெளிந்து பாதத்தின் அசைவைச் சோதித்து எழுதிவைத்த பிறகே குழாயில் மருந்தைத் தொடங்குவது, திடீரென்று வலி கூடினால் மருந்தின் அளவை ஏற்றும் முன் கட்டைப் பிரித்துக் காலைப் பார்ப்பது ஆகியவை இந்த முரணுக்குக் கண்ட நடுவழிகள். சிஸ்பிளாட்டினோ, வேறு வகை எலும்புப் புற்றுக்குத் தரும் வின்கிரிஸ்டினோ ஏற்கெனவே பாத நரம்புகளைப் பாதித்திருக்கலாம் என்பதால், அறுவைக்கு முந்தைய நாளே பாதத்தின் உணர்வைச் சோதித்துப் பதிவுசெய்யாவிட்டால், பின்னர் வரும் மரப்புக்கு நோயும் கீமோவும் அறுவையும் ஊசியும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கும்.

ஊசிவழி மரப்பு மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் சேர்ந்தால் வலிப்பும் இதயத் துடிப்பு நின்றுபோவதும் நேரலாம். அதற்கு மாற்றான 20 சதவீதக் கொழுப்புப் பால்மம், முதலில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.5 மில்லிலிட்டர் வீதம், அரங்கிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கால் அசையாமல் கிடப்பதாலும் புற்றுநோயே ரத்தத்தை உறையத் தூண்டுவதாலும், சிரைகளில் ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத் தரும் குறைந்த மூலக்கூறு எடை ஹெபாரினுக்கும் எபிடியூரல் குழாய்க்கும் ஒத்துவராது. தடுப்பு அளவில் ஊசி போட்டுக் குறைந்தது 12 மணி நேரம் கழித்தே குழாயை எடுக்கலாம். எடுத்து 4 மணி நேரம் கழித்தே அடுத்த ஊசியைப் போடலாம். இந்த இடைவெளியைப் பிசகவிட்டால், முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை நசுக்கலாம். காக்கப்பட்ட காலோடு அடுத்த காலும் செயலிழப்பதே அதன் முடிவு. இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு இந்த நேரக்கணக்கு தெளிவாக எழுதித் தரப்பட்டிருக்கிறதா என்பதில்தான் பாதுகாப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு நாட்களில் மூச்சுத் திணறல் வந்தால் காரணம் தேடுவது எளிதன்று. கொழுப்புத் துணுக்குகள், உறைகட்டி, ஏற்றிய ரத்தத்துக்கு நுரையீரல் காட்டும் எதிர்வினை, மிகுதியாகச் சென்ற திரவம், பலவீனமான இதயம், ஏற்கெனவே நுரையீரலில் பரவியிருந்த நோய் ஆகிய எல்லாமே ஏறத்தாழ ஒரே முகத்தோடு வருகின்றன. பெரிய இடுப்பு அறுவைகளுக்குப் பின் முதல் இரவை ஐ.சி.யு.வில் கழிப்பது இதனால்தான்.

வலி நிவாரணிகளின் தேர்விலும் கீமோதெரபியின் நிழல் விழுகிறது. டைகுளோஃபெனாக், இபுபுரூஃபென் வகை மருந்துகள் எலும்பு வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. மெத்தோட்ரெக்சேட் உடலை விட்டு வெளியேறுவதையும் தாமதப்படுத்துபவை. சிஸ்பிளாட்டின் பெற்ற சிறுநீரகம், அறுவையில் அரை மணி நேரம் தாழ்ந்திருந்த ரத்த அழுத்தம், தொற்றுக்குத் தந்த ஜென்டமைசின் போன்ற மருந்து, அதன்மேல் நாள்தோறும் இரண்டு டைகுளோஃபெனாக் மாத்திரை: இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் பெரிய குற்றம் செய்யாமலே, எல்லாம் சேர்ந்து, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் என்னும் ரத்த அளவை ஏற்றிவிடும். அப்படி ஏறினால் அடுத்த மெத்தோட்ரெக்சேட் தவணையைத் தர முடியாது. அறுவைக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் கீமோதெரபி மறுபடி தொடங்க வேண்டும் என்பதும், அது நெடுநாள் தள்ளிப்போவது நோயாளியின் உயிர்வாழ்வுக்கு நல்லதன்று என்பதும் புற்றுநோய் மருத்துவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டவை. வார்டில் யாரும் சிக்கல் என்று பதிவு செய்யாத ஒரு சிறிய சிறுநீரகச் சரிவு, இவ்வாறு நோயின் போக்கையே மாற்றக்கூடியதாகிறது. காயம் ஆறாமல் இழுப்பதும் இதே கணக்கில்தான் சேரும். பாரசிட்டமால், நரம்புக் குழாய், குறைந்த அளவு கெட்டமின், நரம்புவலிக்கான கபாபென்டின் ஆகியவற்றை வைத்தே வலியைச் சமாளிக்கப் பல குழுக்கள் முயல்வது இதனால்தான்.

மயக்க மருந்தின் வகையே புற்று திரும்ப வருவதைத் தீர்மானிக்குமா என்ற கேள்வி பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சூடாகப் பேசப்பட்டது. நரம்புத் தடையோடு புரோப்போஃபால் தந்தால் நோய் எதிர்ப்பாற்றல் கெடாமல் இருக்கும், எனவே மறுவரவு குறையும் என்பது எதிர்பார்ப்பு. மார்பகப் புற்று அறுவை செய்துகொண்ட 2,100-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் இரு பிரிவினருக்கும் மறுவரவு 10 சதவீதமாகவே இருந்தது. எலும்புப் புற்றுக்கு அதே விடைதான் என்று அதைக்கொண்டு அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் எபிடியூரலைப் புற்றை ஒடுக்கும் சிகிச்சையாக நினைத்துத் தேர்ந்தெடுக்கவும் ஆதாரம் இல்லை. அதை வலிக்காகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கால் காக்கப்பட்டவர்கள் அறுவை அரங்குக்கு மறுபடியும் வருவார்கள். உலோக மூட்டு தளரும், தொற்று வரும், வளரும் பிள்ளைகளுக்கு நீட்டக்கூடிய மூட்டை அவ்வப்போது நீட்ட வேண்டியிருக்கும், நுரையீரலில் தோன்றிய முடிச்சை அகற்ற மார்பைத் திறக்க நேரும். அப்போது அவர்கள் பெற்றிருக்கும் டாக்ஸோரூபிசினின் மொத்த அளவு 150 அன்று, முழுச் சிகிச்சையும் முடிந்திருந்தால் சதுர மீட்டருக்கு 450 மி.கி. பத்து ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், மூட்டு மாற்றத்துக்கோ பிரசவத்துக்கோ மயக்கம் கொடுக்கப்போகும் மருத்துவர், நன்றாக நடமாடும் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ பார்த்து அந்த எண்ணை ஊகிக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்க அறிக்கையில் மூட்டின் அளவும் தயாரிப்பு எண்ணும் எழுதப்படுகின்றன; பெற்ற மருந்துகளின் மொத்த அளவு, கடைசி எக்கோ, கடைசி கிரியாட்டினின், எந்த மயக்க முறை, எந்தச் சிக்கல் என்பனவும் அதே தாளில் இடம்பெற்றால், அடுத்த முறை மயக்கம் கொடுப்பவர் அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டுத் தேட வேண்டியிருக்காது.